புதினா கறுப்பது ஏன்? காப்பதும் சமைப்பதும்

சகோதரிக்கு வணக்கம். பெகுவிலிருந்து ரங்கூனுக்குக் குடிவந்த பிறகு புதினா ஒரு தீராத தொல்லையாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் பச்சைப் பசேலென்று வாங்கும் கட்டு மறுநாள் மாலைக்குள் கறுத்து நசநசத்துப் போகிறது. மின்சாரம் விட்டுவிட்டு வருவதால் குளிர்பெட்டியில் வைத்தும் பயனில்லை. அரைத்த துவையல் ஒரு மணி நேரத்தில் நிறம் மாறிக் கசக்கிறது. பிரியாணியில் இரண்டு கைப்பிடி போட்டாலும் உண்ணும்போது மணம் தெரிவதில்லை. இந்த நான்குக்கும் வழி கேட்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூரில் நம்மவர் வீட்டுத் திருமணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் சமைத்து வருகிறேன். இந்த நான்கு குறைகளும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்று அந்த அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ஆகவே அந்த வேரை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் நான் சொல்லாமல் விட்ட இடங்களிலும் உங்கள் கையே சரியாகச் செய்யும்.

புதினா, துளசியின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. தண்டை விரலிடையில் உருட்டினால் துளசித் தண்டைப் போலவே நான்கு பட்டையாக இருப்பது தெரியும். அதன் மணம் இலையின் தோலின் மேல் பரவியிருக்கும் மிகச் சிறிய எண்ணெய்ச் சுரப்பிகளில், மெல்லிய சவ்வு ஒன்றின் அடியில் தேங்கியிருக்கிறது. விரல் பட்ட மாத்திரத்தில் கமழ்வது இதனால்தான். கறுப்பை உண்டாக்கும் பொருள்களோ இலையின் உள்ளே, செல்களுக்குள் இருக்கின்றன. ரோஸ்மரினிக் அமிலம் முதலிய பாலிஃபீனால்கள் ஓர் அறையிலும், அவற்றைக் கறுக்கச் செய்யும் நொதி வேறோர் அறையிலும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. இலை கசங்கினாலும், நசுங்கினாலும், உறைந்தாலும், ஈரத்தில் அழுகினாலும் அறைச்சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்தவுடன் இலை முதலில் பழுப்பாகிப் பிறகு கறுக்கிறது. வாழைப்பூவையும் கத்தரிக்காயையும் நறுக்கி வைத்தால் கறுப்பது இதே வினையால்தான். அதனால்தான் நம் வீடுகளில் வாழைப்பூவை மோரிலும் கத்தரிக்காயைத் தண்ணீரிலும் போடுகிறோம். எனவே புதினாவைக் காப்பது என்பது அதன் செல் உடையாமல் காப்பதேயாகும். மணம் நிற்கச் சமைப்பது என்பது மேல்தோலில் உள்ள எண்ணெயை ஆவியோடு போகவிடாமல் பிடித்து வைப்பதாகும்.

இந்தக் கவனம் வாங்கும் இடத்திலேயே தொடங்க வேண்டும். நீங்கள் மேல்மாடியில் குடியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தெருவில் கீரைக்காரப் பெண் குரல் கொடுக்கும்போது கயிற்றில் கூடையை இறக்கி வாங்கும் வழக்கம் எளிதானதுதான். ஆனால் புதினாவை அப்படிக் கண்ணால் காணாமல் வாங்க வேண்டாம், கூடையில் வரும் கட்டு பெரும்பாலும் காலையிலிருந்து தண்ணீர் தெளித்துத் தெளித்து வாட்டம் மறைக்கப்பட்ட கட்டாகவே இருக்கும். சந்தைக்குப் போக முடிந்தால் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். கட்டின் நடுவில் விரலை நுழைத்துப் பாருங்கள். பறித்த பின்னும் இலைகள் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கின்றன, அந்த மூச்சு வெப்பத்தை உண்டாக்குகிறது. இறுக்கிக் கட்டிய கட்டின் நடுப்பகுதி வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். வெட்டுவாய் பழுத்திராமல் பசுமையாக இருப்பதும், தண்டை வளைத்தால் படக்கென்று ஒடிவதும் நல்ல அடையாளங்கள். இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டுகள் இருந்தால் அது துரு நோய். அந்தக் கட்டைத் தொடவே வேண்டாம். பூ வந்த தண்டில் இலை சிறுத்துக் கசப்பு கூடியிருக்கும், துவையலுக்கு அது உதவாது.

வீட்டுக்குள் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை கட்டை அவிழ்ப்பது. மூங்கில் நாரோ ரப்பர் வளையமோ எதுவாக இருந்தாலும் உடனே நீக்கிவிட்டு, தண்டுகளை ஒரு முறத்திலோ செய்தித்தாளிலோ பரப்பி, நிழலில், காற்றாட அரை மணி நேரம் விடுங்கள். கறுத்த இலை, நசுங்கிய இலை, மஞ்சளான இலை ஆகியவற்றை இப்போதே ஆய்ந்து எறியுங்கள், ஏனெனில் ஓர் அழுகல் இலை பக்கத்து இலைகளையும் கெடுத்துவிடும். கழுவ வேண்டாம். நம் பெண்கள் எந்தக் கீரையையும் வாங்கி வந்த கையோடு அலசி வைத்தால்தான் மனநிறைவு அடைகிறார்கள்; மற்றக் கீரைகளுக்கே அது நல்லதல்ல, புதினாவுக்கு அது நஞ்சு. இலையின் மேல் நிற்கும் தண்ணீர்ப் படலத்தில்தான் அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. சமைக்கப் போகும்போது மட்டும், தேவையான அளவை மட்டும் கழுவுங்கள்.

பிறகு வைத்திருக்கும் வழிகள். குளிர்பெட்டியே இல்லாத வீட்டுக்கும் பொருந்தும் வழியை முதலில் சொல்கிறேன். தண்டுகளின் அடியை ஒரு விரற்கடை அளவு சாய்வாக நறுக்கி, அடிப்பாகத்து இலைகளை நீக்கி, இரண்டு விரற்கடை தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் பூங்கொத்தைப் போல நிறுத்துங்கள். தண்ணீருக்குள் ஓர் இலையும் மூழ்கக் கூடாது. குவளையை அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்டாத இடத்தில், மண்பானைத் தண்ணீர் வைக்கும் மூலையில் வைத்து, மேலே ஒரு மெல்லிய ஈரத்துணியைத் தொட்டும் தொடாமலும் போர்த்துங்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். இப்படி வைத்தால் குளிர்காலத்தில், அதாவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும். மார்ச், ஏப்ரல் வெயிலில் மூன்று அல்லது நான்கு நாள் நிற்கும். ஒன்றிரண்டு வாரத்தில் கணுக்களிலிருந்து வெள்ளை வேர் விடும் தண்டுகளும் இருக்கும். அவற்றை எறிந்துவிடாதீர்கள், பின்னால் சொல்கிறேன்.

குளிர்பெட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். புதினா துளசியைப் போலக் குளிரைக் கண்டு சுருங்கும் செடியல்ல. பத்து டிகிரிக்குக் கீழே துளசி கறுத்துவிடும், புதினாவோ பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில்தான் மிக நீண்ட நாள் வாழும். அப்படியிருந்தும் உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் அது கெடுவதற்குக் காரணம் குளிர் விட்டுவிட்டு வருவதுதான். மின்சாரம் நின்றதும் பெட்டிக்குள் வெப்பம் ஏறி, பையிலுள்ள இலை நீராவியை விடுகிறது. மீண்டும் மின்சாரம் வந்ததும் அந்த ஆவி பையின் சுவரில் முத்து முத்தாகப் படிந்து இலைமேல் சொட்டுகிறது. ஒரு நாளில் இது இரண்டு மூன்று முறை நடந்தால், கழுவாமல் வைத்த புதினாவும் கழுவி வைத்ததாகவே ஆகிவிடும். பிளாஸ்டிக் பையில் நேராகப் போடுவதை விட்டுவிட்டு, பழைய வேட்டித் துணியின் ஒரு துண்டில், உலர்ந்த துணியில், தண்டுகளைத் தளர்வாகச் சுருட்டுங்கள். அந்தச் சுருளை மூடியுள்ள ஒரு டப்பாவில் வைத்து, மூடியை முழுவதும் அழுத்தி மூடாமல் விடுங்கள். சொட்டும் ஈரத்தைத் துணி குடித்துக்கொள்ளும், காய்ந்த காற்றுபட்டு இலை வாடாமலும் துணியே காக்கும். நாளுக்கு ஒரு முறை துணியைத் தொட்டுப் பார்த்து, நனைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மின்சாரம் இருக்கும் வேளையில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளை உறைய வைத்து, நின்றவுடன் அவற்றைப் புதினா டப்பா இருக்கும் தட்டுக்கு மாற்றிக் கதவைத் திறக்காமல் இருந்தால் வெப்பநிலை ஏறி இறங்குவது பெருமளவு குறையும். இந்த முறையில் என் வீட்டில் ஆறு, ஏழு நாள் வரை துவையலுக்கு ஏற்ற நிலையில் இருக்கிறது. பெட்டியின் பின்சுவரைத் தொடும்படி மட்டும் வைக்காதீர்கள். அங்கே இலை உறைந்து, உருகும்போது கறுத்துவிடும்.

இன்னொரு பகைவன் கண்ணுக்குத் தெரியாதது. பழுக்கும் வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி, தக்காளி ஆகியவை எத்திலீன் என்னும் வாயுவை விடுகின்றன. புதினா இந்த வாயுவுக்கு மிகவும் எளிதில் ஆட்படும் இலை. பழக்கூடைக்குப் பக்கத்தில் வைத்த கட்டு மஞ்சளாகி இலை உதிர்வது இதனால்தான். இன்லே ஏரித் தக்காளியும் புதினாவும் ஒரே பையில் வந்து, அப்படியே ஒரே கூடையில் கிடப்பது பல வீடுகளில் நான் காணும் காட்சி. இரண்டையும் சமையலறையின் எதிரெதிர் மூலைகளில் வையுங்கள்.

மண்பானைக் குளிர்ச்சியைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணல் இட்டு நனைத்து, ஈரத்துணியால் மூடினால், மணலின் ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி உண்டாகும். வறண்ட மாதங்களில் இது நல்ல பலன் தருகிறது. மே மாத நடுவிலிருந்து அக்டோபர் வரை நம் ஊரில் காற்றே நனைந்திருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் அந்த மாதங்களில் மணலின் ஈரம் எங்கே ஆவியாகும்? மழைக்காலத்தில் பானையை நம்பாமல், சிறு கட்டாக அடிக்கடி வாங்குவதே நல்லது.

கழுவுவதைப் பற்றி ஒரு செய்தி. பச்சையாக உண்ணும் புதினாவை மழைக்காலத்தில் மிகவும் கவனமாகக் கழுவ வேண்டும், ஏனெனில் அது தரையோடு படர்ந்து வளரும் செடி. வெள்ளநீரின் அழுக்கு அதில் ஒட்டியிருக்கக் கூடும். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, இலையை அதில் மிதக்கவிட்டு மெல்ல அசைத்து, மண்ணைக் கீழே படியவிட்டு, இலையை மேலாக அள்ளுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் படிந்த மண் மீண்டும் இலையிலேயே ஏறும். மூன்று முறை இப்படிச் செய்து, கடைசி நீருக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரைப் பயன்படுத்துங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் பூச்சிகள் விலகும், கிருமிகள் சாகா. அதை நம்பிச் சிறு குழந்தைகளுக்குப் பச்சைப் புதினா கொடுக்க வேண்டாம்.

இனித் துவையல். என் சமையல் வாழ்க்கையின் தொடக்கத்தில் ஒரு திருமணத்துக்குக் காலை ஐந்து மணிக்கே ஒரு பெரிய ஏனம் நிறையப் பச்சைப் புதினாச் சட்னி அரைத்து வைத்தேன். ஒன்பது மணிக்குப் பந்தி தொடங்கியபோது அது சேற்று நிறத்தில் இருந்தது. உண்டவர்கள் முகம் சுளித்ததை இன்றும் மறக்கவில்லை. அன்று நான் செய்த தவறு, உடைந்த செல்களைக் காற்றில் நான்கு மணி நேரம் திறந்து வைத்ததுதான். இதற்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. ஒன்று, நொதியைச் சூட்டால் செயலிழக்கச் செய்வது. மற்றொன்று, புளிப்பாலும் குளிர்ச்சியாலும் அதன் வேகத்தைத் தணிப்பது.

சூட்டு வழியில், ஆய்ந்து கழுவிய இலையைக் கொதிக்கும் தண்ணீரில் பத்துப் பதினைந்து விநாடி மட்டும் அமிழ்த்தி, உடனே எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, நன்றாகப் பிழிந்து அரைக்கிறோம். நிறம் பளிச்சென்று நிற்கும், மணம் ஓரளவு குறையும். பந்திக்கு முன்கூட்டியே செய்ய வேண்டிய சட்னிக்கு நான் இதையே செய்கிறேன். நம் பாட்டிமார் எண்ணெயில் வதக்கி அரைத்ததும் இதே வேலையைத்தான் செய்கிறது; அவர்கள் நொதி என்ற சொல்லை அறியாமலே சூடேறிய சட்டியில் இலையைப் போட்டு, சுருண்டவுடன் இறக்கினார்கள். அந்த ‘சுருண்டவுடன்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சட்டி சூடாகாமல் போட்டால் இலை மெல்ல வெந்து, கறுக்க வேண்டிய நேரம் முழுவதும் அதற்குக் கிடைத்துவிடும். சட்டியில் நல்லெண்ணெய் நன்கு காய்ந்த பின், இரண்டு கைப்பிடி இலையைப் போட்டு அரை நிமிடத்துக்கு மேல் கிளறாதீர்கள். தனியே இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பைப் பொன்னிறமாகவும் நான்கு வற்றல் மிளகாயை நிறம் மாறாமலும் வறுத்து, நெல்லிக்காய் அளவு புளியும் உப்பும் சேர்த்து, பருப்பையும் மிளகாயையும் முதலில் கொரகொரப்பாக அரைத்துக்கொண்டு, இலையைக் கடைசியில் சேர்த்து இரண்டு மூன்று சுற்று மட்டும் சுற்றுங்கள். மிக்ஸியில் இலையை மழமழவென்று நெடுநேரம் அரைத்தால் அரைக்கும் சூட்டில் மணமும் போகும், இலையின் உட்புறத்துக் கசப்பும் முழுவதும் இறங்கும். உங்கள் துவையல் கசப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். முற்றிய தண்டையும் சேர்த்து அரைத்திருந்தால் அதுவும் காரணம். கொழுந்துத் தண்டு சேரலாம், விரலால் கிள்ளினால் கிள்ளுப்படாத தண்டு சேரக் கூடாது. அம்மி வைத்திருக்கிறீர்கள் என்றால் அதைவிடச் சிறந்த கருவி இல்லை.

புளிப்பு வழி, பச்சைச் சட்னிக்கு உரியது. எலுமிச்சைச் சாற்றை முடிவில் பிழியும் பழக்கத்தை மாற்றி, மிளகாய், பூண்டு, உப்போடு சாற்றையும் முதலிலேயே விட்டு, அந்தப் புளிப்புக் குழம்பலில் இலையைப் போட்டு இடியுங்கள். செல் உடையும் அதே கணத்தில் புளிப்பு அதைச் சூழ்ந்துகொள்வதால் நொதி சோர்ந்துவிடுகிறது. தயிரில் அரைத்தாலும் ஓரளவு இதே பலன் கிடைக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: புளிப்பும் நீண்ட சூடும் சேரக் கூடாது. பச்சையத்தின் நடுவில் உள்ள மக்னீசியத்தைப் புளிப்பு வெளியேற்றிவிடும், சூடு அதை விரைவுபடுத்தும். இலை பாசிநிறம் கொண்டு மங்கிப்போகும். புளியைப் புதினாவோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்ட குழம்பு எப்போதும் மங்கலாக இருப்பது இதனால்தான். அது கெட்டுப்போனதன் அடையாளமல்ல, நிறம் மட்டும்தான் போகிறது.

பிரியாணிக்கு வருவோம். இங்கே கடைகளில் கிடைக்கும் டான்பௌக் என்னும் பர்மியப் பிரியாணியின் பெயரே, ஆவியை அடக்கிச் சமைப்பதைக் குறிக்கும் ‘தம் புக்த்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. புதினாவின் மணம் எங்கே போகிறது என்ற உங்கள் கேள்விக்கு அந்தப் பெயரிலேயே விடை இருக்கிறது: ஆவியோடு போகிறது. சமையல் புதினாவின் மணத்துக்கு முதன்மைக் காரணமான கார்வோன் என்னும் பொருள், தனியாகக் கொதிக்க வேண்டுமானால் 230 டிகிரிச் சூடு வேண்டும். ஆனால் நீராவி எழும்போது அதையும் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும். புதினா எண்ணெய் வடிப்பவர்கள் இந்த வழியில்தான் வடிக்கிறார்கள். திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதித்த மசாலாவில் போட்ட புதினா, அடுப்படியை மணக்கச் செய்துவிட்டுச் சோற்றை வெறுமையாக்கிவிடும். தெருவெல்லாம் பிரியாணி மணக்கிறது என்று பிறர் பாராட்டும்போது என் மனம் நோகும். தெருவுக்குப் போன மணம் உண்ணும் இலைக்கு வரவில்லையே.

ஆகவே நான் இலையை இரண்டாகப் பிரிப்பேன். ஒரு கிலோ அரிசிக்கு முப்பது கிராம் அளவு ஆய்ந்த இலை, அதாவது நெருக்காமல் எடுத்த மூன்று கைப்பிடி, போதும். அதில் மூன்றில் ஒரு பங்கை இறைச்சி ஊறும் தயிரிலும் எண்ணெயிலும் கலந்துவிடுவேன். மண எண்ணெய் கொழுப்பில் கரையும் இயல்புடையது என்பதால் அந்தப் பங்கு இறைச்சியோடு பிடித்துக்கொள்ளும். மீதி இரண்டு பங்கையும், முக்கால் வெந்த சோற்றை அடுக்கும்போது அடுக்குக்கு இடையில் தூவி, நெய்யை அதன் மேலேயே விட்டு, மாவால் மூடியை அடைத்துத் தம்மில் வைப்பேன். ஆவி வெளியேற வழியில்லாததால் மணம் சோற்றிலேயே இறங்குகிறது. இறக்கிய பின் பத்து நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள். ஆவி அடங்கித் துளியாகிச் சோற்றுக்குத் திரும்ப அந்த நேரம் வேண்டும். புதினாச் சாதத்துக்கும் இதே நெறிதான்: அரைத்த விழுதை எண்ணெயில் நீர் வற்றும் வரை வதக்குகிறோம் அல்லவா, அப்போது போகும் மணத்தை ஈடுசெய்ய, சாதத்தைக் கிளறி இறக்கும்போது ஒரு பிடி பச்சை இலையைப் பொடியாக நறுக்கிக் கலந்து மூடி வையுங்கள்.

டான்பௌக்கோடு தொட்டுக்கொள்ள, புதினாவையும் பச்சை மிளகாயையும் பூண்டையும் எலுமிச்சைச் சாற்றோடு இடித்து வைக்கும் வழக்கம் இந்நாட்டில் உண்டு. பர்மியர் புதினாவைப் ‘பூசினான்’ என்பார்கள். ஒலியிலேயே நம் சொல்லின் உறவு தெரிகிறது. கொழுத்த சோற்றுக்கு அந்த இடித்த சட்னி மிகப் பொருத்தமான துணை. சமூசா அத்தோவிலும் புதினாவுக்கு இடம் உண்டு: சமூசாவைத் துண்டாக்கி, முட்டைக்கோசும் வெங்காயமும் வேகவைத்த கடலையும் சேர்த்து எலுமிச்சை பிழிந்து பிசையும்போது, இலையை எல்லாவற்றுக்கும் கடைசியில், பிசைந்து முடித்த பின் மேலே சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்துக் கையால் பிசைந்தால் நசுங்கிக் கறுத்து, தட்டில் அழுக்குப் போலத் தெரியும். நறுக்குவதானால் இலை முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும், கத்தி கூராக இருக்க வேண்டும். இலைகளை அடுக்கிச் சுருட்டி ஒரே வெட்டாக வெட்டுங்கள், மழுங்கிய கத்தியால் குத்திக் குத்தி நறுக்காதீர்கள்.

ரசத்துக்கு இறக்கிய பின் நான்கு இலையைக் கையால் கசக்கிப் போட்டு மூடினால் போதும். பால் சேர்க்காத தேநீருக்கும் அவ்வாறே.

நீண்ட நாள் சேமிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலர்த்துவதானால் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் செய்துவிடுங்கள். கழுவி, ஈரம் முழுவதும் போகத் துடைத்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் துணியின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். வெயிலில் காய்ந்தால் நிறமும் மணமும் சேர்ந்தே போய்விடும். நொறுங்கும் பதம் வந்ததும், பொடிக்காமல் முழு இலையாகவே கண்ணாடிப் புட்டியில் இறுக்கி மூடி, இருட்டான இடத்தில் வையுங்கள். பொடித்துவிட்டால் சுரப்பிகள் எல்லாம் உடைந்து மணம் விரைவில் வெளியேறும். இலையில் பெரும்பகுதி தண்ணீரே என்பதால் நூறு கிராம் இலை காய்ந்தால் பதினைந்து கிராம் அளவே கிடைக்கும். சமையலிலும் அந்தக் கணக்கில் குறைத்துப் போட வேண்டும். மழைக்காலத்தில் உலர்த்த முயன்றால் பூஞ்சணம்தான் மிஞ்சும். உறைய வைக்கும் முறை, மின்சாரம் நிலையாக உள்ள வீட்டுக்கே உரியது. உருகி உருகி உறைந்த விழுதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்ணெய் மிதக்க வைத்த துவையலை வெளியிலேயே பல நாள் வைத்துக்கொள்ளலாம் என்று உங்கள் மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வது நிறையப் புளியும் உப்பும் சேர்த்து, நீர் முழுவதும் சுண்டக் காய்ச்சிய தொக்குக்கே பொருந்தும் என்பதைப் பணிவோடு அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். புளிப்பில்லாத பச்சை இலையையோ பூண்டையோ எண்ணெயில் மூழ்கவிட்டு அறைவெப்பத்தில் வைத்தால், காற்றில்லாத அந்த இடத்தில் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். அது வளர்ந்ததை நிறமோ வாடையோ காட்டிக்கொடுக்காது. இந்த ஒன்றில் மட்டும் துணிச்சல் வேண்டாம். தேங்காய் சேர்த்த துவையல் என்றால் அன்றே தீர்த்துவிடுங்கள்.

குவளையில் வேர்விட்ட தண்டுகளைப் பின்னால் சொல்வதாக எழுதினேன். மேல்மாடி வீட்டுக்கு அவைதான் உண்மையான தீர்வு. ஒரு சாண் ஆழமும் அதைவிட அகலமும் உள்ள தொட்டியில், அடியில் துளையிட்டு, மக்கிய எருவும் மணலும் கலந்த மண்ணில் ஐந்தாறு தண்டுகளை நடுங்கள். புதினா நிலத்தடித் தண்டுகளை ஓடவிட்டுப் பரவும் செடி, அதனால் ஆழத்தைவிட அகலம் அதற்குப் பிடிக்கும். வேறு செடியோடு ஒரே தொட்டியில் வைத்தால் மற்றதை விழுங்கிவிடும். காலை வெயில் படும், மதிய வெயில் படாத பக்கத்துத் தாழ்வாரம் போதும். மழைக்காலத்தில் தொட்டியைக் கூரைக்குள் இழுத்துவிடுங்கள், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஒரு சாண் வளர்ந்ததும், கணுவுக்குச் சற்று மேலே, தண்டோடு நறுக்கி எடுங்கள். இலையை மட்டும் கிள்ளினால் செடி நெட்டையாகி மொட்டு வைக்கும், தண்டோடு நறுக்கினால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கிளை வரும். சமைப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் நறுக்கிய புதினாவுக்குச் சேமிப்பு முறையே தேவையில்லை. இரண்டு தொட்டி இருந்தால் உங்கள் இருவருக்கும் அன்றாடம் போதும், விருந்து வரும் நாளில் மட்டும் சந்தைக்குப் போகலாம்.

முற்றிய தண்டுகளை என்ன செய்வது என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கழுவி, நூலால் கட்டி, பிரியாணிச் சோறு வேகும் தண்ணீரில் பட்டை, ஏலக்காயோடு போட்டு, வடிக்கும்போது எடுத்துவிடுங்கள்.